நம்பலாம் தம்பி, கெஜட்டையும் பாருங்கள்

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 2024 ஜூன் 4 அன்று நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்ததில் இருந்து நாட்டில் ஏதோ மாறப்போகிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அப்பாவோ, "எவன் வந்தாலும் தறி ஓடுனாத்தான் நமக்குச் சோறு" என்கிறாராம். போதாததற்கு கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, நாமக்கல், கரூர் என்று நம் பக்கத்து எம்பிக்கள் அத்தனை பேரும் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்சியில் இல்லாதவர்களை அனுப்பிவிட்டு மாற்றம் வரும் என்று நம்புவது பைத்தியக்காரத்தனமா என்பது அவர் கேள்வி.

பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எதை நம்புகிறோம், எங்கே நம்புகிறோம் என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் பல்லடத்தில் ஜவுளிக்காரர்களுக்கு வரிக்கணக்குப் பார்க்கிறவன். உங்கள் சோமனூர் இருக்கும் சூலூரும் என் பல்லடமும் கோவை மக்களவைத் தொகுதிக்குள் வருவதால் உங்களுக்கும் எனக்கும் ஒரே எம்பிதான். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பது இங்கே வேண்டாம். என் தொழிலில் ஒரு புத்தி ஒட்டிக்கொள்ளும்: மேடைப் பேச்சைக் கணக்கில் எடுப்பதில்லை, பட்ஜெட் உரையைக்கூட அரை நம்பிக்கையோடுதான் கேட்பது. கெஜட்டில், அதாவது அரசிதழில், அறிவிக்கை வந்து, எந்தத் தேதியில் இருந்து அமல் என்று படித்த பிறகுதான் கம்ப்யூட்டரில் வரி விகிதத்தை மாற்றுவோம். தேர்தல் முடிவையும் எனக்கு அப்படித்தான் பார்க்க வருகிறது. ஒரு முடிவு எப்போது உத்தரவாக, சட்டமாக, அல்லது வாபஸ் பெற்ற உத்தரவாக மாறுகிறது என்று பார்ப்பேன்.

அப்படிப் பார்த்தால் தேர்தல் முடிந்த முதல் மூன்று மாதத்திலேயே சில விஷயங்கள் தெரிந்தன. பாஜகவுக்கு 240 இடம், பெரும்பான்மைக்கு வேண்டியது 272, கூட்டணியோடு 293. ஆட்சியும் மாறவில்லை, பிரதமரும் மாறவில்லை. ஜூலை 23 பட்ஜெட்டில், நிலம் வீடு விற்றால் வரும் லாபத்துக்கு வரியை 20 சதவீதத்தில் இருந்து 12.5 ஆகக் குறைத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறதா? கூடவே, பழைய கிரய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக் காட்டும் இண்டெக்ஸேஷன் சலுகையை எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே எங்கள் ஆபீஸ் போன் ஓயவில்லை. காளப்பட்டியிலும் சரவணம்பட்டியிலும் எப்போதோ சைட் வாங்கிப் போட்டு, மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று இருந்தவர்கள். இரண்டு வாரம்தான். ஆகஸ்டு முதல் வாரத்தில் நிதி மசோதாவில் திருத்தம் வந்தது: ஜூலை 23க்கு முன்பு வாங்கிய நிலம், வீட்டுக்குத் தனிநபர்களும் கூட்டுக் குடும்பங்களும் பழைய கணக்கு, புதுக் கணக்கு இரண்டில் எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம்.

அதே ஆகஸ்டில் வக்ஃப் திருத்த மசோதா அறிமுகமான சூட்டோடு நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் ஆய்வுக்குப் போனது. வெளியாட்களை நேரடியாக உயர்பதவிக்கு எடுக்க 45 இடங்களுக்கு யுபிஎஸ்சி கொடுத்த விளம்பரத்தை, கூட்டணிக்குள்ளேயே முணுமுணுப்பு வந்ததும் ஆகஸ்டு 20 அன்று திரும்பப் பெற்றார்கள். இதெல்லாம் 240ஆல் மட்டும் நடந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 303 இடம் கையில் இருந்தபோது, 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் எந்தக் குழுவுக்கும் போகாமல் நிறைவேறின. அவற்றைத் திரும்பப் பெறுவதாக 2021 நவம்பர் 19 அன்று அறிவிக்கும் வரை விவசாயிகள் ஒரு வருடம் டெல்லி எல்லையில் வெயிலிலும் குளிரிலும் கிடக்க வேண்டி இருந்தது. அன்று வருடக்கணக்கில் ஆனது இன்று வாரக்கணக்கில் ஆகிறது. உங்கள் நம்பிக்கைக்கு முதல் ஆதாரமாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சத்தமில்லாத சமாச்சாரம். மக்களவையில் பத்தில் ஒரு பங்கு இடம் இருந்தால்தான் ஒரு கட்சிக்கு எதிர்க்கட்சித் தலைவர் பதவி என்பது வழக்கம். 2014இல் காங்கிரஸுக்கு 44, 2019இல் 52, ஆகவே பத்து வருடம் அந்த நாற்காலி காலி. 2024இல் 99. சிபிஐ இயக்குநர், தேர்தல் ஆணையர்கள் மாதிரிப் பதவிகளுக்கு ஆள் எடுக்கும் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் உட்காருவார். குழுவில் ஒருவர் மறுப்பு எழுதினால் நியமனம் நின்றுவிடாது, ஆனால் மறுப்பு பதிவாகும். கோப்பில் பதிவாவதன் மதிப்பு கணக்குப் பார்க்கிறவனுக்குத் தெரியும். அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 293ஐ வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

சரி, பழைய கணக்கைப் புரட்டுவோம். பெரிய நம்பிக்கையோடு முடிந்த தேர்தல் என்றால் எல்லோரும் 1977ஐச் சொல்வார்கள். நெருக்கடி நிலை முடிந்து ஜனதா வந்தது. அப்போது நாம் வேறு மாதிரி ஓட்டுப் போட்டோம். தமிழ்நாட்டில் அதிமுக, காங்கிரஸ் கூட்டணிதான் 34 இடம் எடுத்தது. ஜனதா ஆட்சி இரண்டரை வருடம்கூட முழுசாக ஓடவில்லை, 1980இல் இந்திரா காந்தி 353 இடங்களோடு திரும்பி வந்தார். ஆட்சியோடு எல்லாம் போயிற்றா என்றால், 1978இல் அவர்கள் கொண்டுவந்த 44ஆவது திருத்தம் போகவில்லை. உள்நாட்டுக் குழப்பம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நெருக்கடி நிலை அறிவிக்க முடியாது, ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும் என்று அதில்தான் மாற்றினார்கள். நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்றானதும் அதில்தான். அதற்கப்புறம் எத்தனையோ ஆட்சிகள் வந்துபோய்விட்டன, அந்த வரிகள் அப்படியே இருக்கின்றன. ஜனதா தலைவர்கள் அடித்துக்கொண்டது மட்டும் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது.

எனக்கு 1977ஐ விட நம் ஊர் 1967தான் சுவாரசியம். பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1964இல் மத்திய உணவு, வேளாண் அமைச்சர் ஆனார். அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷனில் கோதுமை என்ற காலம். இந்திய உணவுக் கழகமும் விவசாய விலை ஆணையமும் 1965இல் அவர் பொறுப்பில் தொடங்கியவை. 1966இல் மெக்ஸிகோவில் இருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை இறக்கினார். வேண்டாத வேலை என்று எதிர்த்தவர்கள் டெல்லியிலேயே நிறையப் பேர். நடுவில் 1965 இந்தித் திணிப்புப் பிரச்சினையில் ராஜினாமாக் கடிதமும் கொடுத்துப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகு 1967இல் கோபிசெட்டிபாளையத்தில் நின்றார். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்து தமிழ்நாட்டில் காங்கிரஸைக் கவிழ்த்த வருடம் அது. திமுகவின் பி.ஏ. சாமிநாதனிடம் தோற்றார்.

நாட்டுக்கே சோற்றுக்கு வழி செய்த ஆளை, சோற்றுக்குத் தட்டுப்பாடு என்ற கோபத்தில் சொந்தச் சீமையே தோற்கடித்தது. அடுத்த வருடம் 1968இல் கோதுமை அறுவடை அதுவரை காணாத அளவு, சுமார் 170 லட்சம் டன். அரசாங்கம் தபால்தலையே போட்டுக் கொண்டாடியது. அதைக் கொண்டாட அவர் அந்த நாற்காலியில் இல்லை.

கோபிக்காரர்கள் தப்பாக ஓட்டுப் போட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அரிசிக்கடை வரிசையில் நின்றவனிடம் போய் 'அடுத்த வருஷம் பஞ்சாபில் விளையும்' என்றால் அவன் என்ன செய்வான்? அவர்கள் கொண்டுவந்த புது ஆட்சி சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது, இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக்கியது, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்தது. தோற்றவர் போட்ட உத்தரவு வயலில் விளைந்தது, ஜெயித்தவர்கள் போட்ட சட்டம் இன்றும் நிற்கிறது. யார் ஜெயித்தார் என்பதை மட்டும் வைத்து நம்பிக்கையைக் கூட்டிக் கழித்தால் இந்த இரண்டில் ஒன்று கணக்கில் விட்டுப்போகும்.

தேர்தல் பக்கமே போகாமல் நடந்த கதையும் நம்மிடம் இருக்கிறது. பம்புசெட் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லி வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கிளம்பினார்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு, மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972இல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே முடக்கினார்கள். 1982இல் நாயுடு கட்சி தொடங்கிப் பார்த்தார், அது எடுபடவில்லை. 1984இல் அவர் இறந்துபோனார். 1989இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசுதான் அடுத்த வருடம் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்று உத்தரவு போட்டது. பெருமாநல்லூரில் இருந்து அந்த உத்தரவு வரை இருபது வருடம். ஓட்டுப் பெட்டியில் கட்சியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குப் பதில், கட்சிகள் கை வைக்க யோசிக்கும் ஒரு உத்தரவு கிடைத்தது.

எதிர்மாறாகவும் நடக்கும். 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில், தங்கள் கோரிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் வரிசையாக வேட்புமனு போட்டதில் வேட்பாளர் எண்ணிக்கை 1033 ஆனது. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். உலகமே வேடிக்கை பார்த்தது. மாற்றம் வந்ததா? வந்தது, அதே வருடம் வந்தது: சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாயில் இருந்து 5,000, நாடாளுமன்றத்துக்கு 500இல் இருந்து 10,000. கவனத்தை ஈர்த்தோம், கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

2024 ஆகஸ்டு 17 அன்று திறந்த அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். அறுபது வருடத்துக்கு மேலான கோரிக்கை. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ, எந்தத் தேர்தல் வந்தாலும் அவிநாசி, அன்னூர், பெருந்துறைப் பக்கம் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் வாயில் இந்தப் பெயர் வராமல் இருந்ததில்லை. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார், 2024இல் மு.க. ஸ்டாலின் திறந்தார். 1,916 கோடி ரூபாய். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் கிடைக்கும் உபரி நீரில் ஒன்றரை டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்கு விடும் திட்டம். யாருக்குப் பெருமை என்று இரண்டு கட்சிக்காரர்களும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடட்டும். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் கிடப்பில் போடாமல் முடித்தார் என்பதுதான் எனக்கு இதில் அதிசயம். விடுபட்ட குட்டைகளைச் சேர்க்கச் சொல்லி அடுத்த மனு அப்போதே சுற்றத் தொடங்கிவிட்டது.

நம் பக்கத்து ஓட்டர்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். 2019இல் நாடாளுமன்றத்துக்குத் திமுக கூட்டணி, 2021 சட்டமன்றத்தில் கோவை மாவட்டத்தில் பத்துக்குப் பத்தும் அதிமுக கூட்டணி, 2022இல் மாநகராட்சிக்குத் திரும்பவும் திமுக கூட்டணி. எந்தக் கட்சிக்காரரும் 'கொங்கு என் கோட்டை' என்று நிம்மதியாகத் தூங்க முடியாது. ஜூன் 4 அன்று கோவையில் தோற்ற பக்கத்துக்கும் லட்சக்கணக்கில் ஓட்டு விழுந்திருக்கிறது. அவர்களும் ஒரு மாற்றத்தை நம்பித்தான் வரிசையில் நின்றார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்போது உங்கள் அப்பாவின் தறிக்கு வருகிறேன். தறிக்காரர் பிரச்சினை என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அது நாலு வேறு வேறு அறைகளில் முடிவாகிறது. கூலி உயர்வு கலெக்டர் ஆபீஸில், ஜவுளி உற்பத்தியாளர்களோடு உட்கார்ந்து பேசுவதில் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் நாள்கணக்கில் தறியை நிறுத்திப் போராடியது அதற்குத்தான். கரண்ட் பில் சென்னையில் முடிவாகிறது. 2023இல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்பதை 1000 ஆக்கியது மாநில அரசு. இந்த இரண்டிலும் டெல்லியில் யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். இந்த அளவுக்கு அப்பா சொல்வது முழுக்கச் சரி.

மூன்றாவது ஜிஎஸ்டி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அனுபவித்தவன் நான். 2022 ஜனவரி 1 முதல் துணிக்கு 5 சதவீதத்தில் இருந்து 12 என்று 2021 நவம்பரிலேயே அறிவிக்கை வந்துவிட்டது. டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் ஆபீஸில் கூட்டம். பழைய ஆர்டரை எந்த விகிதத்தில் பில் போடுவது, கிடங்கில் கிடக்கும் துணியை முப்பத்தொன்றாம் தேதிக்குள் அனுப்பிவிடலாமா, சரக்கு அனுப்புவதற்கான ஈ-வே பில் எடுத்து வண்டி மறுநாள் போனால் என்ன ஆகும் என்று ஆளுக்கொரு கேள்வி. விதி மாறுகிறதே என்று டேலி என்ற கணக்கு மென்பொருளில் 12 விகிதத்துக்கு எல்லாம் தயார் செய்துவைத்தோம். டிசம்பர் 31 பகலில் டெல்லியில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, துணிக்கு உயர்வைத் தள்ளிவைத்தது. புது வருடப் பிறப்பன்று போட்டதையெல்லாம் பழையபடி மாற்றினோம். சந்தோஷமாகத்தான் மாற்றினோம்.

அந்த கவுன்சிலில் ஓட்டுக் கணக்கு எப்படி என்று பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு வேண்டும். ஆகவே மாநிலங்களை ஒதுக்கிவிட்டு டெல்லி மட்டும் எதையும் நிறைவேற்ற முடியாது. டெல்லி வேண்டாம் என்றால் மாநிலங்கள் மட்டும் சேர்ந்தும் முடியாது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு எதிர்த்தது, பாஜக ஆளும் குஜராத்தும் எதிர்த்தது. சூரத்துக்கும் நமக்கும் அன்று ஒரே வயிற்றுவலி. இந்த அறையில் நம் நாற்காலியில் உட்காருவது எம்பி அல்ல, மாநில நிதியமைச்சர். நாடாளுமன்றத் தேர்தல் முடிவால் அந்த நாற்காலி ஆடுவதே இல்லை.

நாலாவது அறைதான் உங்கள் ஜூன் 4 சம்பந்தப்பட்டது: பருத்தி இறக்குமதி வரி, நூல் விலை, தறியைப் புதுப்பிக்க மானியம். பருத்திக்கு 2021 பட்ஜெட்டில் 11 சதவீத இறக்குமதி வரி வந்தது. நூல் விலை எகிறி, 2022 மே மாதம் திருப்பூரில் பனியன் கம்பெனிகளை அடைத்துப் போராடினார்கள். அதற்கு முந்தைய மாதம் வரியைத் தற்காலிகமாக நீக்கியும் விலை உடனே இறங்கவில்லை. தறி நவீனமாக்கும் மானியத் திட்டமான ஏடஃப்ஸ் 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இதையெல்லாம் கேட்க வேண்டிய இடம் மக்களவை, கேட்க வேண்டியவர் எம்பி. அவர் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் கேள்வி கேட்கும் உரிமை ஒன்றுதான்.

எதிர்க்கட்சி எம்பி கேட்டு என்ன ஆகப்போகிறது என்பீர்கள். அமைச்சர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலில் ஒரு எண், ஒரு தேதி, ஒரு வாக்குறுதி எழுத்தில் மாட்டும். அதைப் பிடித்துக்கொண்டு சங்கம் அடுத்த கடிதம் எழுதலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கோப்பைக் கேட்கலாம். அந்தச் சட்டமே 2004 தேர்தலுக்கு அடுத்த வருடம் வந்ததுதான். 240 இடத்தோடு கூட்டணியை நம்பி ஆட்சி நடக்கும் காலத்தில் இந்த மாதிரிக் கடிதங்களுக்கு முன்பைவிடக் காது கொடுப்பார்கள் என்பது என் கணிப்பு. கணிப்புதான், உத்தரவாதம் தர நான் யார்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். குளிர்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக நவம்பர் கடைசியில் தொடங்கும். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஆகவே அக்டோபருக்குள் எம்பி ஆபீஸில் சேர்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 20 கேள்விக்குத்தான் வாய்மொழிப் பதில், 230 கேள்விக்கு எழுத்துப் பதில். எழுத்துப் பதிலே கேளுங்கள், நமக்கு அதுதான் உபயோகம். கேள்வி 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். தறிக்காரன் கண்ணீர் என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள், தள்ளிவிடுவார்கள். ஏடஃப்ஸ் முடிந்தபோது கோவை, திருப்பூர் மாவட்டங்களில் எத்தனை விண்ணப்பம் நிலுவையில் நின்றது, அதற்குப் பதிலாக எந்தத் திட்டம், எந்தத் தேதியில் இருந்து என்று மட்டும் கேளுங்கள். நூல் விலையைக் குறிப்பிட்டால் கவுண்ட் (நூலின் பருமனைக் காட்டும் எண்), கிலோ விலை, தேதி மூன்றையும் உங்கள் பில் புத்தகத்தில் இருந்தே எடுத்து எழுதுங்கள். சங்கத்து லெட்டர்பேடில் இருந்தால் நல்லது. டிசம்பரில் பதில் வந்தால் எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்கள். அதில் எந்த வரி வேலைக்கு ஆகும், எது சால்ஜாப்பு என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.